ஒரு கறை போகவில்லை

பகலில் கயானி நகரத்தார் என் முன்னே
வாய் பிளந்து கிடக்கிறார்கள்.
பல்லிடுக்கில் கல் சுரண்டுகிறேன்.
இரவில் குதிரைகள்.
பிளாஸ்டிக். உள்ளங்கை உயரம். வாய் திறக்காதவை.
அதனாலேயே கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும்.

இது துர்க்குவிலிருந்து அஹ்தி கெம்ப்பைனென் அனுப்பியது.
எழுபத்தொன்பதாம் வருடத்து வார்ப்பாம்,
இந்த நீலத்தில் சொற்பமே வந்தனவாம்.
நெற்றி முழுக்கச் சிவப்பு நகச்சாயம்.
பின்னங்கால் ஒடிந்து, ஒட்டி,
ஒட்டிய இடத்தில் பசை
மூக்கொழுகிய பிள்ளை மாதிரி.
கூடவே ஒரு சீட்டு:
"கடையிலிருந்து இன்றுதான் வந்ததுபோல் வேண்டும்."

அசிட்டோனை எடுக்க மாட்டேன்.
எடுத்தவள்தான் ஒருகாலத்தில்.
மேசையின் கீழ் இழுப்பறையில் இருக்கிறது
என் முதல் குதிரை:
ஒரே துடைப்பு,
கண்ணோடு கன்னமும் கரைந்து
பஞ்சில் வந்துவிட்டது.
கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் எதற்கு?
இந்த ஊரில் டிசம்பரில்
சூரியனே ஒன்பதரைக்கு வந்து
இரண்டேகாலுக்குக் கிளம்பிவிடுகிறது.

ஆகவே ஆல்கஹால். அதுவும் முதலில் வயிற்றடியில்,
யாரும் பார்க்காத இடத்தில் ஒரு பொட்டு.
காத்திரு.
பிசுபிசுத்தால் நிறுத்து.
பிறகு நெற்றி.
பல்குத்தும் குச்சி நுனியில் பஞ்சு சுற்றி
ஓரத்திலிருந்து உள்ளே,
ஒரு பஞ்சுக்கு ஒரு தடவை,
அதே பஞ்சை மறுபடி வைத்தால்
சிவப்பு நீலத்துக்குள் இறங்கி
ஊதாவாய் உட்கார்ந்துகொள்ளும், எழவே எழாது.
நாற்பத்தொரு பஞ்சு.
புருவம் வந்தது.
தொழிற்சாலை வைத்த இமை மூன்றும் வந்தன.

பசைக்கு மருந்து பால்கனியில்.
மைனஸ் இருபத்தாறு.
குதிரையைத் தயிர் டப்பாவில் போட்டு
பனிக்கு வெளியே வைத்துவிட்டுக் காபி குடித்தேன்.
பக்கத்து வீட்டு மார்கெத்தா தன் பால்கனியிலிருந்து பார்த்து
"இன்றைக்கு யாருக்குத் தண்டனை?" என்றாள்.
குளிரில் பசைக்குத் திமிர் ஏறும்,
வளையத் தெரியாமல் போகும்.
வளையாததைத் தட்டினால் போதும்.
டக்.
கண்ணாடிச் சில்லாய்த் தெறித்து
அடுப்பங்கரைத் தரையில் எங்கோ ஓடியது.
(காலையில் என் குதிகால் கண்டுபிடித்தது.)

மிச்சம் வெள்ளைப் படலம்.
அது பசையல்ல, பசையின் மூச்சு.
ஒட்டிய சூட்டோடு டப்பாவில் மூடினால்
ஆவி வெளியேற வழியின்றி
உள்ளேயே படிந்துவிடும்.
எண்ணெய் தொட்டுத் தேய்த்தால் போகும்.
தேய்க்கத்தான் விளக்கைச் சாய்த்தேன்.

நீல வயிற்றில் ரேகைகள்.

ஆவி, விரல் பட்ட இடமாய்ப் பார்த்து
வெள்ளையாய் எழுதி வைத்திருக்கிறது:
நான்கு சின்ன விரல், ஒரு கட்டைவிரல்,
என் சுண்டுவிரல் நகத்துக்குள் அடங்கும் அளவில்.
அதன் மேல் அழுத்தமாய்
பெரிய கட்டைவிரல் ஒன்று,
நடுவே வெட்டுத்தழும்பு கோடு.
சின்னவர் பிடித்துக்கொள்ள
பெரியவர் ஒட்டியிருக்கிறார்.
நகச்சாயம் அதற்கு முன்பா பின்பா
ஒடிந்தது யாரால், அழுதது யார்,
எனக்குத் தெரியாது.
நான் பல் பார்க்கிறவள், போலீஸ் அல்ல.

எண்ணெய் தொட்டேன்.
தழும்புக் கட்டைவிரல் போனது.
சின்ன விரல் ஒன்று போனது, இரண்டு போனது.
காசு வாங்கிய வேலை.
மூன்றாவது போனபோது
நாற்காலி முதுகில் சாய்ந்துகொண்டேன்.
நான்காவதையும் துடைத்தேன்,
அது ஏன் என்று இன்றும் சரியாய்ச் சொல்லத் தெரியவில்லை,
கை பழக்கம்.
சின்னக் கட்டைவிரலிடம் வந்ததும்
மூடியைத் திருகி
எண்ணெய்ப் புட்டியை அலமாரியில் வைத்தேன்.

ரசீதில் எழுதினேன்:
"ஒரு கறை போகவில்லை.
பத்து யூரோ கழித்துக்கொள்ளவும்."

வியாழக்கிழமை முழுப் பணமும் வந்தது.
"எங்கே கறை?
பூதக்கண்ணாடி வைத்துத் தேடியும்
அகப்படவில்லை. அருமையான வேலை."

விளக்கைச் சாய்த்துப் பிடியுங்கள் என்று
நான் எழுதவில்லை.